கொதிநீர் நறுமணம்: குளிர்கால வீடுகளின் வாசனை வரலாறு

கொதிநீர் நறுமணம் என்பது பழத்தோல், இலவங்கப்பட்டை, கிராம்பு, மூலிகைத் தழை முதலியவற்றை நீரில் இட்டு, சிறு தீயில் நெடுநேரம் கொதிக்கவிட்டு, எழும் ஆவியால் வீட்டை மணக்கச் செய்யும் முறையாகும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இலையுதிர்காலம் தொடங்கிப் புத்தாண்டு முடியும் வரையிலான குளிர்ப் பருவத்தில் இது பரவலாகச் செய்யப்படுகிறது. ஆங்கிலத்தில் இதனைச் 'சிம்மர் பாட்' என்பர். ஆரஞ்சுத் தோலும் பட்டையும் கிராம்பும் சேர்ந்து கொதிக்கும் மணம் அந்நாடுகளில் கிறிஸ்துமஸ் பண்டிகையின் மணமாகவே கருதப்படுகிறது.

இன்று இது ஒரு சிறிய வீட்டு இன்பம் மட்டுமே. ஆனால் ஒரு காலத்தில் வீட்டை மணக்கச் செய்வது உயிர் காக்கும் செயல் என்று நம்பப்பட்டது. அந்தப் பாத்திரத்தில் விழும் ஒவ்வொரு கிராம்புக்குப் பின்னாலும் கடற்பயணங்களும் போர்களும் கட்டாய உழைப்பும் இருந்தன. அந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாக எடுத்துரைக்கிறது.

பெயரும் பொருளும்

'சிம்மர்' என்னும் ஆங்கிலச் சொல் தளதளவென்று கொதிக்கவிடாமல், நீரின் மேற்பரப்பில் சிறு குமிழிகள் மட்டும் எழும்படி இளந்தீயில் வைத்திருப்பதைக் குறிக்கும். இதனோடு நெருங்கிய மற்றொரு சொல் 'பாட்பூரி'. உலர்ந்த மலரிதழ்களும் நறுமணப் பொருள்களும் சேர்ந்த கலவைக்கு இன்று அப்பெயர் வழங்குகிறது. பிரெஞ்சு மொழியில் இதன் நேர்ப்பொருள் 'அழுகிய பானை' என்பதாகும். பல வகை இறைச்சியையும் காய்களையும் ஒன்றாக வேகவைக்கும் 'ஓய்யா பொத்ரீதா' என்னும் ஸ்பானிய உணவின் பெயரைப் பிரெஞ்சுக்காரர் தம் மொழியில் அப்படியே பெயர்த்துக்கொண்டனர். பின்னர் பல பொருள்களின் எந்தக் கலவைக்கும் அது பெயராயிற்று. 18ஆம் நூற்றாண்டில் மலர்க் கலவைக்கும் அப்பெயர் நிலைத்தது. சமையலறைப் பானையின் பெயர் வரவேற்பறைக்கு வந்த கதை இது.

மணம் பரவும் விதம்

கொதிநீர் நறுமணத்தின் அடிப்படை மிக எளியது. ஆரஞ்சுத் தோலில் லிமோனீன், கிராம்பில் யூஜினால், பட்டையில் சின்னமால்டிஹைடு என்னும் ஆவியாகும் எண்ணெய்ப் பொருள்கள் உள்ளன. தனியாகச் சூடாக்கினால் லிமோனீன் ஏறத்தாழ 176 டிகிரி செல்சியஸிலும், மற்ற இரண்டும் 240 டிகிரிக்கு மேலும்தான் கொதிக்கும். நீரோ 100 டிகிரியைத் தாண்டாது. அவ்வாறாயின் அந்த எண்ணெய்கள் எப்படி வெளியேறுகின்றன என்ற வினா எழும்.

ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்களை ஒன்றாகச் சூடாக்கும்போது இரண்டின் ஆவியழுத்தமும் கூட்டப்படுகிறது. எனவே எண்ணெயின் கொதிநிலையை எட்டாமலேயே அதன் துகள்கள் நீராவியோடு சேர்ந்து வெளியேறுகின்றன. நீராவிக் காய்ச்சி வடித்தல் முறையில் மலர்த் தைலம் எடுப்பதும் இதே விதிப்படிதான். சளி பிடித்தவர்கள் நொச்சி இலையைக் கொதிக்கும் நீரில் இட்டு வேது பிடிக்கும்போது நடப்பதும் இதுவே. வேது பிடிப்பவர் ஆவியைப் போர்வைக்குள் அடக்குகிறார். கொதிநீர் நறுமணத்தில் அந்த ஆவி வீடு முழுவதும் பரவவிடப்படுகிறது.

இது குளிர்காலத்துக்கு உரியதாக அமைந்ததற்கும் காரணம் உண்டு. குளிர் நாடுகளில் அப்பருவத்தில் கதவும் சன்னலும் மாதக்கணக்கில் அடைத்தே கிடக்கும். சமையல் வாடையும் ஈரத்துணி வாடையும் உள்ளேயே தங்கிவிடும். வீட்டைச் சூடாக்குவதால் உட்காற்று வறண்டுபோகும். கொதிக்கும் பாத்திரம் மணத்தோடு சிறிது ஈரப்பதத்தையும் தருகிறது. அடுப்பு எப்படியும் எரிந்துகொண்டிருந்த பழங்கால வீடுகளில் இதற்கெனத் தனி விறகும் தேவைப்படவில்லை.

கெட்ட காற்று என்னும் அச்சம்

ஐரோப்பாவில் வீட்டை மணக்கச் செய்யும் வழக்கத்தை வளர்த்தது அழகுணர்ச்சி மட்டுமன்று. மரண பயமும் ஆகும். 1347 முதல் 1351 வரை அக்கண்டத்தைத் தாக்கிய 'கருஞ்சாவு' என்னும் பிளேக் நோய், மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அழித்தது என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். 1348ஆம் ஆண்டு பிரெஞ்சு மன்னர் ஆறாம் பிலிப் இந்நோயின் காரணத்தைக் கேட்டபோது, பாரிஸ் பல்கலைக்கழக மருத்துவ ஆசிரியர்கள் ஓர் அறிக்கை அளித்தனர். 1345இல் சனி, வியாழன், செவ்வாய் ஆகிய மூன்று கோள்களும் கும்ப ராசியில் கூடியதால் காற்று கெட்டுவிட்டது என்பது அவர்கள் கண்ட முடிவு.

அழுகல் நாற்றம் கலந்த காற்றே நோயைத் தருகிறது என்னும் இக்கொள்கை 'மயாஸ்மா' எனப்பட்டது. கிரேக்க மருத்துவத்தில் வேர்கொண்ட இக்கருத்து 19ஆம் நூற்றாண்டு வரை செல்வாக்குடன் இருந்தது. நாற்றம் நோய் என்றால் நறுமணம் மருந்தாக வேண்டும். எனவே வீட்டில் நறுமண விறகுகளும் பிசின்களும் எரிக்கப்பட்டன, காடி தெளிக்கப்பட்டது, தரையில் நாணற்புல்லோடு மணமுள்ள மூலிகைகள் பரப்பப்பட்டன.

இங்கிலாந்தில் இவ்வாறு தரையில் பரப்புவதற்கென்றே மூலிகைகள் வளர்க்கப்பட்டன. 16ஆம் நூற்றாண்டில் வேளாண்மை பற்றிச் செய்யுள் நூல் எழுதிய தாமஸ் டஸ்ஸர் அவற்றுக்குத் தனிப் பட்டியலே தந்துள்ளார். ஆனால் அந்தத் தரைகளின் மறுபக்கத்தை டச்சு அறிஞர் இராஸ்மஸ் ஒரு கடிதத்தில் எழுதினார். மேலே புதுப் புல் பரப்பப்பட்டாலும் அடியில் எச்சிலும் எலும்பும் கழிவும் ஆண்டுக்கணக்கில் கிடந்ததை அவர் கண்டித்தார். குப்பையை அகற்றாமல் அதன் மேல் மணத்தைப் பரப்பும் பழக்கம் அன்றே இருந்தது என்பதற்கு இது சான்று.

1665ஆம் ஆண்டு இலண்டனில் மீண்டும் பிளேக் பரவியபோதும் இதே முறைகள் கையாளப்பட்டன. காற்றைத் தூய்மைப்படுத்துவதற்காகத் தெருக்களில் தீ மூட்டப்பட்டது. கடைக்காரர்கள் காசைக் கையால் வாங்காமல் காடி நிறைந்த கிண்ணத்தில் போடச் சொன்னார்கள். அவ்வாண்டு அந்நகரின் இறப்புப் பதிவேடுகளில் பிளேக்கால் இறந்தோர் என 68,000க்கும் மேற்பட்டோர் பதிவாயினர். உண்மை எண்ணிக்கை அதனினும் மிகுதி என்று கருதப்படுகிறது. நோயைப் பரப்பியது நாற்றம் அன்று, ஒரு நுண்ணுயிர் என்பதை 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் கண்டறிந்தார். எலிகளின் மீது வாழும் தெள்ளுப்பூச்சிகள் அதனைக் கடத்துகின்றன என்பதை 1898இல் இந்தியாவில் பணியாற்றிய பால் லூயி சிமோன் நிறுவினார். மணம் காக்கும் என்று நம்பி இறந்தவர்களுக்கு அந்த அறிவு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் தாமதமாக வந்தது.

ஆரஞ்சும் கிராம்பும்

கெட்ட காற்றிலிருந்து தப்ப, செல்வர்கள் 'பொமாண்டர்' என்னும் நறுமண உருண்டையைக் கழுத்திலோ இடுப்பிலோ தொங்கவிட்டனர். 'அம்பர் ஆப்பிள்' என்னும் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து இப்பெயர் வந்தது. திமிங்கிலத்திடமிருந்து கிடைக்கும் அம்பரோடு கத்தூரி, கிராம்பு, பட்டை முதலியவற்றைப் பிசைந்து செய்த உருண்டை, துளைகளுள்ள பொன் அல்லது வெள்ளிக் கூட்டில் வைக்கப்பட்டது. சில கூடுகள் ஆரஞ்சுச் சுளைகளைப் போலத் திறக்கும். ஒவ்வொரு சுளையிலும் ஒவ்வொரு மணப்பொருள் இருக்கும்.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சரான கர்தினால் வுல்சி, உள்ளீடு நீக்கிய ஆரஞ்சுத் தோலில் காடியும் மருந்துப் பொருள்களும் தோய்த்த கடற்பஞ்சை வைத்துக் கையில் ஏந்திச் செல்வார். அவருடைய உதவியாளராக இருந்து அவர் வரலாற்றை எழுதிய ஜார்ஜ் கேவண்டிஷ் இதைக் குறிப்பிடுகிறார். மனு கொடுக்க வந்த மக்கள் நெருங்கும்போது வுல்சி அதனை முகர்ந்துகொள்வாராம். நறுமணம் என்பது நோய்க்கு எதிரான அரண் மட்டுமன்று. உயர்ந்தோரையும் எளியோரையும் பிரிக்கும் வேலியாகவும் இருந்தது என்பதை இச்செய்தி காட்டுகிறது.

பொன்கூடு வாங்க இயலாதவர்கள் ஆரஞ்சுப் பழத்தில் கிராம்புகளை நெருக்கமாகக் குத்தி வைத்தனர். குளிர்காலத்தில் தென் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த ஆரஞ்சு அப்போது பெரிய பரிசுப் பொருளாக இருந்தது. பென் ஜான்சன் 1616இல் எழுதிய கிறிஸ்துமஸ் நாடகத்தில் 'புத்தாண்டுப் பரிசு' என்றே ஒரு பாத்திரம் வருகிறது. அது ஓர் ஆரஞ்சையும் பொன்முலாம் பூசிய ரோஸ்மேரிக் கிளையையும் தாங்கி மேடையேறுகிறது. இன்றைய கொதிநீர்ப் பாத்திரத்தில் ஆரஞ்சு, கிராம்பு, ரோஸ்மேரி மூன்றும் ஒன்றாகக் கிடப்பது தற்செயல் அன்று.

தணலில் கொதித்த பன்னீர்

இம்முறையின் நேர் முன்னோடி எனத்தக்க ஒரு குறிப்பு 17ஆம் நூற்றாண்டு ஆங்கில நூலொன்றில் கிடைக்கிறது. முதலாம் சார்லஸ் மன்னரின் மனைவி ஹென்ரியெட்டா மரியாவின் சேகரிப்பிலிருந்து எடுத்தவை என்று கூறி, சமையல், மருந்து, வாசனைக் குறிப்புகள் அடங்கிய 'குவீன்ஸ் கிளாசெட் ஓப்பன்ட்' என்னும் நூல் 1655இல் வெளிவந்தது. மன்னர் தலை வெட்டப்பட்டு ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அரசி பிரான்சில் அடைக்கலம் புகுந்திருந்தார். அரண்மனையின் அந்தரங்க அறிவு அச்சேறி எவரும் காசு கொடுத்து வாங்கும் பொருளானது.

அந்நூலில் ஆறாம் எட்வர்ட் மன்னரின் பெயரால் ஒரு வாசனை முறை தரப்பட்டுள்ளது. பன்னிரண்டு கரண்டி சிவப்பு ரோஜாப் பன்னீரோடு ஆறு பென்னி நாணய எடை அளவுக்குச் சர்க்கரைத் தூள் சேர்த்துத் தணலின் மேல் மெதுவாகக் கொதிக்கவிட வேண்டும். அவ்வாறு செய்தால் வீடு முழுவதும் ரோஜா நிறைந்ததுபோல மணக்கும். ஆனால் அதற்கு முன்னர் சைப்ரஸ் மரத்துண்டுகளை எரித்து, கனத்த காற்றை வெளியேற்ற வேண்டும் என்பது நிபந்தனை. முதலாம் எலிசபெத் அரசியின் பெயரால் உள்ள மற்றொரு முறையில் உலர்ந்த மருக்கொழுந்து இனத் தழையும் 'பெஞ்சமின்' என்னும் பிசினும் சேர்க்கப்படுகின்றன. தமிழர் சாம்பிராணி என்று வழங்கும் பிசின் வகைகளுள் ஒன்றே இந்தப் பெஞ்சமின். சுமத்ரா முதலிய கீழைத் தீவுகளிலிருந்து அது ஐரோப்பா சென்றது.

வாசனைக்குச் சர்க்கரை எதற்கு என்று தோன்றலாம். அக்காலத்தில் சர்க்கரை விலையுயர்ந்த நறுமணச் சரக்காகவே மதிக்கப்பட்டது. நீர் வற்றும்போது அது பாகாகிக் கருகி இனிய மணம் தரும். இங்கே தமிழ் வாசகர்கள் ஒன்றை நினைவுகூரலாம். கூதிர்ப் பருவத்தைப் பாடும் சங்க நூலான நெடுநல்வாடையில், குளிருக்காக நெருப்பு மூட்டி அகிலோடு வெண்மையான அயிரையும் சேர்த்துப் புகைப்பது கூறப்படுகிறது. அயிர் என்பதற்குக் கண்டசருக்கரை என்று உரை கூறுவர். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. தமிழர் மரபு புகையையும் ஆங்கிலேயர் முறை ஆவியையும் சார்ந்தது. எனினும் குளிர்ப் பருவமும் மூடிய கதவும் வந்தபோது, தொலைவான இரு நிலத்து மக்களும் தீயையும் இனிப்பையும் நாடியது கருதத்தக்கது.

பிரான்சின் பீங்கான் கலங்கள்

18ஆம் நூற்றாண்டில் நறுமணம் ஆடம்பரத்தின் அடையாளமாயிற்று. பாதி உலர்ந்த ரோஜா இதழ்களை உப்போடு அடுக்கடுக்காக வைத்து, வாரக்கணக்கில் ஊறவிட்டு, பின்னர் பட்டை, கிராம்பு, ஐரிஸ் செடியின் கிழங்குத் தூள் ஆகியவற்றைக் கலப்பது அன்றைய பாட்பூரி முறை. பார்வைக்கு அழகற்ற பழுப்புக் கலவையாக இருந்ததால், துளையிட்ட மூடியுள்ள பீங்கான் கலங்களில் அது மறைத்து வைக்கப்பட்டது.

பதினைந்தாம் லூயி மன்னரின் ஆதரவு பெற்ற செவ்ரு பீங்கான் ஆலை இத்தகைய கலங்களுக்குப் புகழ்பெற்றது. பாய்மரக் கப்பல் வடிவிலான அதன் பாட்பூரிக் கலம் மிக அரிய படைப்பாகும். மன்னரின் அன்புக்குரிய பொம்பதூர் சீமாட்டி அத்தகைய கலத்தை வைத்திருந்தார். எஞ்சியுள்ள சில கலங்கள் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத் தொழிலதிபர் மேத்யூ போல்டன், நீராவி எந்திரத்தோடு தொடர்புடையவராகப் பெயர் பெறுவதற்கு முன்பே, நறுமணம் எழுப்பும் அலங்காரக் கலங்களைச் செய்து விற்றார்.

மணத்தின் விலை

இந்தக் கலங்களை நிரப்பிய கிராம்பும் சாதிக்காயும் பட்டையும் ஐரோப்பாவில் விளைபவை அல்ல. கிராம்பு மரம் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குப் பகுதியில் தெர்னாத்தே, திதோரே முதலிய சில சிறு தீவுகளிலும், சாதிக்காய் பண்டாத் தீவுகளிலும் மட்டுமே விளைந்தன. நல்ல பட்டை இலங்கைக் காடுகளில் கிடைத்தது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததற்கு நறுமணப் பொருள் வணிகமே முதன்மைக் காரணம்.

1621இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநர் யான் பீட்டர்சோன் கூன் படையுடன் பண்டாத் தீவுகளைத் தாக்கினார். சாதிக்காயைத் தமக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற கம்பெனியின் நிபந்தனையைத் தீவு மக்கள் முழுமையாக ஏற்காததே காரணம். ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்த அத்தீவுகளில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், பட்டினியால் இறந்தனர், அல்லது அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். பின்னர் அடிமைகளை வைத்துச் சாதிக்காய்த் தோட்டங்கள் நடத்தப்பட்டன. கிராம்பு மரங்களை அம்போன் பகுதியில் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றத் தீவுகளில் இருந்தவற்றைக் கம்பெனி தேடித்தேடி வெட்டியது.

இலங்கையிலும் இதன் நிழல் விழுந்தது. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் பட்டை வணிகத்தைத் தம் தனியுரிமை ஆக்கினர். காட்டுக்குள் சென்று பட்டை உரித்துத் தருவது சாலாகம சமூகத்தினர் மீது கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய நெசவாளர் வழியினர் தாம் என்னும் மரபு அச்சமூகத்தில் உண்டு. ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் தர வேண்டிய அளவு வரையறுக்கப்பட்டிருந்தது. அனுமதியின்றிப் பட்டை உரிப்பதும் விற்பதும் கடுந்தண்டனைக்குரிய குற்றங்கள். மரண தண்டனையும் அவற்றுக்கு உண்டு. 1769 அளவில் ஆளுநர் பால்க் காலத்தில் கொழும்பை அடுத்த மருதானையில் பட்டைத் தோட்டம் போடப்பட்டது. கொழும்பில் இன்றும் 'கறுவாத்தோட்டம்' என்று ஒரு பகுதி வழங்குவது அந்த வரலாற்றின் எச்சமாகும். கறுவா என்பது இலங்கைத் தமிழில் பட்டையின் பெயர்.

1760ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில், விலை குறைந்துவிடாமல் இருக்க, கிடங்குகளில் தேங்கிய நறுமணப் பொருள்கள் பெருந்தீயில் இட்டுக் கொளுத்தப்பட்டன. ஏழை வீட்டில் ஒரு துண்டு பட்டை கொதிப்பதற்கு வழியில்லாத காலத்தில் ஒரு நகரமே அதன் புகையால் மணத்தது.

இந்தத் தனியுரிமை நெடுங்காலம் நீடிக்கவில்லை. பிரெஞ்சு நிருவாகி பியேர் புவாவ்ரின் முயற்சியால் 1770இல் கிராம்பு, சாதிக்காய் நாற்றுகள் மொரீசியஸ் தீவுக்குக் கடத்திவரப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் சான்சிபார் தீவு கிராம்பு விளைச்சலில் முதலிடம் பெற்றது. அங்கும் அத்தோட்டங்கள் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் வளர்ந்தவையே. 1897இல்தான் அங்கு அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. தமிழகத்தில் 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் நறுமணப் பயிர்த் தோட்டம் அமைத்தது. இன்று கன்னியாகுமரி மாவட்ட மலைகளில் விளையும் கிராம்பு 2021இல் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. விளையும் இடங்கள் பெருகியதால் விலை குறைந்தது. கிராம்பு எளிய வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

மருந்து என்ற நிலை மாறுதல்

19ஆம் நூற்றாண்டிலும் நாற்றமே நோய் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக் அக்கொள்கையில் உறுதியாக இருந்தார். 1854இல் மருத்துவர் ஜான் ஸ்நோ, இலண்டன் பிராட் தெருவில் பரவிய காலரா அங்குள்ள ஒரு குழாய்க் கிணற்றின் நீரால் வந்தது என்று காட்டினார். எனினும் பலர் அதை ஏற்கவில்லை. 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் கழிவு நாற்றம் பொறுக்க முடியாத அளவு பெருகியது. நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் பயனில்லை. உடனே பணம் ஒதுக்கப்பட்டு, பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட் தலைமையில் பெரும் கழிவுநீர்க் கால்வாய்கள் கட்டப்பட்டன.

நாற்றத்துக்கு அஞ்சிக் கட்டிய கால்வாய்கள் குடிநீரிலிருந்து கழிவைப் பிரித்தன. அதனால் காலரா குறைந்தது. காரணம் தவறாக இருந்தும் பயன் சரியாக அமைந்தது. 1884இல் இராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதிப்படுத்தினார். அதன்பின் நறுமணம் மருத்துவத்திலிருந்து மெல்ல விலகி, வீட்டின் மகிழ்ச்சிக்கு உரியதாகியது.

அதே காலத்தில் வேதியியல் மற்றொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. 1868இல் கூமரினும் 1874இல் வெனிலினும் ஆய்வகத்தில் செயற்கையாக ஆக்கப்பட்டன. மலரும் பட்டையும் இன்றியே மணத்தை உண்டாக்க முடியும் என்றாயிற்று. 1943இல் ஏர் விக் என்னும் அறை நறுமணப் பொருள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் பூச்சிமருந்து தெளிக்க உருவாக்கப்பட்ட அழுத்தக் குப்பி நுட்பம், போருக்குப் பின் அறையில் மணம் தெளிக்கப் பயன்பட்டது. 1980களில் அமெரிக்காவில் பாட்பூரிக்கு மீண்டும் பெரும் வரவேற்பு கிடைத்தபோது, மின்சாரத்தில் இயங்கும் சிறு பீங்கான் கொதிகலங்கள் வீடுதோறும் இடம்பிடித்தன. செயற்கை வாசனைகளின் மேல் ஐயம் வளர்ந்த பிற்காலத்தில், சமையலறைப் பொருள்களையே கொதிக்கவிடும் பழைய முறைக்குப் பலர் திரும்பினர்.

செய்முறை

இன்று குளிர் நாட்டு வீடுகளில் பின்பற்றப்படும் பொதுவான முறை வருமாறு:

ஒரு லிட்டர் அளவு நீர் கொள்ளும் அடிகனமான பாத்திரத்தில் முக்கால் பங்கு நீர் ஊற்ற வேண்டும். அதில் ஓர் ஆரஞ்சின் தோல், விரல் நீளப் பட்டை இரண்டு, ஒரு தேக்கரண்டி கிராம்பு, பிரிஞ்சி இலை இரண்டு, ஒரு சிறு ரோஸ்மேரிக் கிளை ஆகியவற்றைப் போட வேண்டும். ஆப்பிள் துண்டு, கிரான்பெர்ரிப் பழம், இஞ்சி, சாதிக்காய்த் துருவல் ஆகியவற்றை விரும்பினால் சேர்க்கலாம். முதலில் ஒரு கொதி வரவிட்டு, பின்னர் தீயை மிகக் குறைக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை நீரளவைப் பார்த்து, குறைந்திருந்தால் வெந்நீர் ஊற்ற வேண்டும்.

தளதளவென்று கொதிக்கவிட்டால் ஆரஞ்சின் மணம் விரைவில் போய்விடும். பட்டையும் கிராம்பும் மெதுவாகவே மணத்தை விடும். இளந்தீ வற்புறுத்தப்படுவதற்கு இதுவே காரணம். சாறு பிழிந்த பின் எஞ்சும் தோலும், மணம் குறைந்த பழைய மசாலாவும் இதற்குப் போதும். ஒருநாள் கொதித்த கலவையை ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாளும் பயன்படுத்தலாம். அதனைக் குடிக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

நீர் வற்றினால் பாத்திரம் கருகித் தீப்பிடிக்கக் கூடும். எனவே அடுப்பை விட்டு வெளியே செல்வதும் உறங்குவதும் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாதபடி பாத்திரத்தின் கைப்பிடியை உட்புறம் திருப்பி வைக்க வேண்டும். கடைகளில் விற்கும் திரவப் பாட்பூரிகளில் அடர்ந்த எண்ணெய்களும் சோப்புத் தன்மையுள்ள வேதிப்பொருள்களும் இருக்கக் கூடும். அவற்றை நக்கும் பூனைகளுக்கு வாயிலும் உணவுக்குழலிலும் புண் உண்டாகும்.

இயற்கையான பொருள் என்பதால் தீங்கே இல்லை என்று கொள்வதும் சரியன்று. ஆரஞ்சுத் தோலின் லிமோனீன் காற்றிலுள்ள ஓசோனோடு சேரும்போது பார்மால்டிஹைடு போன்ற பொருள்கள் சிறிதளவு உண்டாகின்றன. எரிவாயு அடுப்பும் காற்றை மாசுபடுத்தும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் எந்த மணமும் தொல்லை தரலாம். சன்னலைச் சிறிது திறந்து வைப்பது நல்லது. வீட்டில் கெட்ட வாடை வீசினால் முதலில் அதன் காரணத்தைத் தேடி அகற்ற வேண்டும். இராஸ்மஸ் கண்டித்த தரைகள் தரும் பாடம் இதுவே.

இன்றைய பயன்

நறுமணம் நோயைத் தடுக்கும் என்ற பழைய நம்பிக்கை பொய்த்துவிட்டது. ஆயினும் மருத்துவம் மணத்தை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. செருமனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முகரும் திறன் இழந்தவர்கள் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு மணங்களை நாள்தோறும் இருவேளை, பன்னிரண்டு வாரம் முகர்ந்து பயின்றபோது, அவர்களில் ஒரு பகுதியினருக்கு அத்திறன் மேம்பட்டது. 2020இல் கொரோனாத் தொற்றால் உலகெங்கும் ஏராளமானோர் மணம் அறியாமல் தவித்தபோது, இந்தப் பயிற்சி பலருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. நான்கில் ரோஜாவும் கிராம்பும் பழைய அரண்மனைக் குறிப்புகளிலும் நறுமண உருண்டைகளிலும் இடம்பெற்றவை.

பிளேக்குக்கு அஞ்சியவர்கள் சாவை விரட்டுவதற்காகக் கிராம்பை முகர்ந்தனர். அதே கிராம்பை இன்று சிலர், காப்பியின் மணத்தையும் குழந்தையின் தலைவாசனையையும் மீண்டும் அறிவதற்காக முகர்கின்றனர். அடுப்பில் மெல்லக் கொதிக்கும் ஒரு சிறு பாத்திரத்தில் அறியாமையும் ஆடம்பரமும் பேராசையும் அறிவியலும் அடுத்தடுத்துக் கலந்துள்ளன. அந்த மணத்தை நுகர்வோர், அதனை நமக்குக் கொண்டுவந்து சேர்த்த பண்டாத் தீவு மக்களையும் இலங்கையின் பட்டை உரித்தோரையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது தகும்.